காது மிஷின் விற்ற மறுநாள்: கொங்குப் பக்கத்து ஆடியாலஜிஸ்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று நம் பக்கத்து ஊர்களில் காது பரிசோதனை மையம் வைத்திருக்கிற ஆடியாலஜிஸ்ட் எல்லோருக்கும், வணக்கமுங்க.

நான் சோமனூர் பக்கம். அப்பா நாற்பது வருசம் விசைத்தறி ஓட்டினவர், இப்போதும் பழக்கம் விடாமல் காலையில் ஒரு நடை தறிக்கூடத்துக்குப் போய்விட்டுத்தான் வருவார். எங்கள் வீதியில் கூலிக்குக் காடா துணி நெய்யாத வீடு குறைவு. அதனால் காது மந்தத்தை நாங்கள் ஒரு வியாதியாகவே நினைத்ததில்லை, தலை நரைக்கிற மாதிரி ஐம்பது தாண்டினால் தறிக்காரருக்குக் காதும் மந்தமாகும், அவ்வளவுதான். சத்தமாகப் பேசிச் சமாளித்துக்கொள்வோம்.

அப்பாவுக்கு எந்த அளவுக்குக் கேட்கவில்லை என்பது 2020இல்தான் வீட்டுக்கே தெரிந்தது. கொரோனாவுக்கு எல்லோரும் மாஸ்க் போட்டார்கள், அன்றிலிருந்து அப்பாவுக்கு யார் பேசுவதும் புரியவில்லை. தறி ஓடும்போது வாய்ப்பேச்சு காதில் விழாது, உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்திலேயே அவர் எங்கள் உதட்டையும் இத்தனை வருசமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார், எங்களுக்கோ அவர் காதால் கேட்கிறார் என்ற நினைப்பு.

அடுத்த வருசம் பக்கத்து டவுனில் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனோம். பேர் சொல்லப்போவதில்லை, இதே கதையை வேறு வேறு ஊரிலிருந்தும் கேட்டுவிட்டேன். ரோட்டோர அறை, மேலே ஃபேன் ஓடுகிறது, வெளியே பஸ் ஹாரன், அதற்குள் ஹெட்போனை மாட்டிப் பத்து நிமிசத்தில் டெஸ்ட் முடிந்தது. காதுக்குள் லைட் அடித்துக்கூட யாரும் பார்க்கவில்லை. என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டு காதுக்கும் சேர்த்து மிஷின் 52,000 ரூபாய். மாட்டிவிட்டு "கேக்குதுங்களா?" என்றார்கள், அப்பா "கேக்குதுங்க" என்றார், ஒரு துண்டுச்சீட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒழுங்கான பில் கேட்டதற்கு வரி கூட வரும் என்றார்கள். காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அம்மா எவர்சில்வர் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், அந்தச் சத்தத்துக்கு அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தே விட்டார். குக்கர் விசிலுக்கு முகம் சுளித்தார். தன் குரலே குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். தலையைச் சாய்த்தால் மிஷின் 'கூ' என்று கத்தியது. போன் பண்ணினோம், "போடப் போடப் பழகிடுமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எப்படிப் பழகணும், முதல் நாள் எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், கத்தினால் யாரிடம் வரணும், ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரி கதை அதற்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஸ்டிக்கரை உரிக்க விரல் வரவில்லை என்று அப்பா அட்டையில் இருந்த ஆறு பேட்டரியின் ஸ்டிக்கரையும் ஒரே நாளில் உரித்து வைத்துவிட்டார். அது காற்றுப் பட்டதும் வேலை செய்யத் தொடங்கிவிடும், அதற்கப்புறம் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கொஞ்ச நாளில் ஆறும் செத்துப்போச்சு. மிஷின் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போய், பதினாலு மாசம் அங்கேயே கிடந்தது.

அந்தப் பதினாலு மாசம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது. எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்குப் பேக்கரி எப்படி என்று உங்களுக்கே தெரியும், நூல் விலையும் கூலிப் பேச்சும் கல்யாணச் சேதியும் அங்கேதான். அப்பா பேக்கரிக்குப் போவதையே விட்டுவிட்டார். "போயி என்ன பண்றது, அவங்க சிரிச்சா நானும் சிரிக்கோணும், எதுக்குச் சிரிச்சாங்கன்னே தெரியறதில்லை" என்று அம்மாவிடம் சொன்னாராம். நடுவயதில் காது கேளாமல் போவது பின்னாளில் மறதி நோய் வருவதற்கான, சரிசெய்யக்கூடிய காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2017இல் சொன்னது, 2020இலும் 2024இலும் திரும்பச் சொன்னது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மிஷின் பிஸ்கட் டப்பாவில் கிடந்தால் எங்கப்பாவுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

அப்புறம் ஒரு சொந்தக்காரர் சொல்லி வேறொரு சின்ன மையத்துக்குப் போனோம். அங்கே இருந்தது ஓர் இளம்பெண். அவர் முதலில் செய்தது காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தது. இரண்டு காதிலும் குறும்பி அடைத்திருக்கிறது, ஈஎன்டி டாக்டரிடம் எடுத்துவிட்டு வாங்க, அதுவரைக்கும் டெஸ்ட் எடுத்தால் தப்பாகத்தான் வரும் என்று அன்றைக்குப் பணம் வாங்காமலே அனுப்பிவிட்டார். திரும்பப் போனபோது சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் டெஸ்ட். முடிந்ததும் அந்தத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்துப் பேனாவால் காட்டினார்: இங்கே பாருங்க, கீழ்ச்சுருதியில் கோடு ஓரளவு நல்லா வருது, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் குழிக்குள் விழுது, தறிச் சத்தம் முதலில் தின்கிற இடம் இதுதான். பேச்சில் அ, ஆ, ஊ மாதிரி உயிரொலி சத்தமாக இருக்கும், அது ஐயாவுக்குக் கேட்கும். க, ச, த, ப மாதிரி எழுத்தின் முனையெல்லாம் மெல்லிசு, மேல்சுருதி, அது விழாது. பல்லு, கல்லு இரண்டும் அவருக்கு ஒரே சத்தம். அதனால்தான் "கேக்குது, ஆனா புரியலை" என்கிறார்.

இருபது வருசமாக "உங்களுக்கு வேணுங்கறது மட்டும் நல்லாக் கேக்கும்" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து பஸ் ஏறும்வரை பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லணும். அந்தப் பெண் புது மிஷின் விற்கவில்லை. டப்பாவில் கிடந்த அதே மிஷினை வாங்கி லென்ஸுக்கு அடியில் வைத்துச் சின்ன பிரஷால் தட்டினார், மைக் ஓட்டையிலிருந்து பஞ்சு வந்தது. தறிக்கூடத்துப் பஞ்சு. "ஐயா, இதைப் போட்டுட்டா தறிக்குப் போனீங்க?" என்று கேட்டார். போனார், போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. காதுக்கு அளவெடுத்து, உள்ளே இறுக்கமாகப் பொருந்துகிற அச்சு, அதாவது மோல்டு, செய்து போட்டதும் 'கூ' சத்தம் நின்றது. கம்ப்யூட்டரில் மாட்டி ட்யூன் பண்ணும்போது சத்தத்தை வேண்டியதற்கும் குறைவாகவே வைத்தார், வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கலாம் என்று. நல்லவேளை அந்தக் கம்பெனி மிஷினைத் திறக்கிற சாஃப்ட்வேர் அவரிடம் இருந்தது. சில மிஷின்களை விற்ற இடத்தைத் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டி வைப்பதும் உண்டாம். அதை விற்பதற்கு முன்னாடியே சொல்ல வேண்டாமா?

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், "எந்த எடத்துல கேக்காம போறது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்க?" அப்பா யோசிக்கவே இல்லை, "பேக்கரியிலதான் கண்ணு" என்றார். அதற்கென்று தனியாக ஒரு செட்டிங், முன்னால் இருக்கிறவர் பேச்சைத் தூக்கிப் பின்னால் வருகிற சத்தத்தைக் குறைக்கிறது, அதைப் போட்டுக்கொடுத்து "டீ மாஸ்டர் பக்கம் முதுகைக் காட்டி உக்காருங்க, பேசறவங்க மூஞ்சி உங்களுக்கு நேரா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். முதல் வாரம் வீட்டுக்குள் அம்மாவோடு மட்டும் ஒரு மணி, இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் டிவி, அப்புறம் வாசல் திண்ணை, நாலாவது வாரம்தான் பேக்கரி. மூன்று மாசத்தில் ஐந்து தடவை போனோம். இதற்கெல்லாம் சேர்த்து மோல்டோடு 3,500 ரூபாய் ஆனது. அப்பா இப்போது காலையில் எழுந்ததும் பல் விளக்கி முகம் துடைத்த கையோடு மிஷினை மாட்டுகிறார், ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்.

மிஷின் அதேதான். 52,000 ரூபாய் கொடுத்தும் கேட்காத காது அதற்கப்புறம் கேட்டது என்றால், நாங்கள் பணம் கொடுக்க வேண்டியது எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள். ஆகவே நான் உங்களிடம் கேட்பது: பில்லில் மிஷின் விலையையும் உங்கள் உழைப்புக்கான கூலியையும் தனித்தனியாகப் போடுங்கள். தயங்காமல் கேளுங்கள், எங்கள் பக்கம் கூலி என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், கொடுப்போம். அதற்குப் பதிலாக மிஷின் கொடுக்கிற அன்றைக்கே அடுத்த மூன்று மாசத்துக்கு வரவேண்டிய தேதிகளை எழுதிக் கொடுங்கள், வராவிட்டால் போன் பண்ணுங்கள், வீட்டில் இன்னொருத்தரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். வராத ஆள் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் மிஷின் டப்பாவுக்குள் போயிருக்கும்.

திடீரென்று ஒரே ராத்திரியில் காது அடைத்துப்போச்சு என்று யாராவது வந்தால் தயவுசெய்து மிஷின் காட்டாதீர்கள், அன்றைக்கே ஈஎன்டி டாக்டரிடம் ஓடச் சொல்லுங்கள், நாள் தள்ளத் தள்ள மருந்து கேட்காது. உங்களிடம் இதைச் சொல்ல வேண்டியதே இல்லைதான். ஆனால் படித்துப் பதிவு வாங்கின உங்கள் போர்டும் மிஷின் மட்டும் விற்கிற கடையின் போர்டும் எங்கள் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. 1992ஆம் வருசத்துச் சட்டப்படி வாங்கின ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைப் போர்டில் பெரிசாக எழுதி வையுங்கள்.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் விசயத்தையும் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிடுங்கள். 2016ஆம் வருசத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் கணக்கில் வரும். 50இல் நிற்கிற எத்தனையோ பேர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்து வெறுங்கையோடு வருகிறார்கள். 60 தாண்டினவர்களுக்கோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மிஷினுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே தெரியாது.

இனி தறிக்காரர்கள். கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டத்திலும் இரண்டு லட்சத்துக்கும் மேல் விசைத்தறி இருப்பதாகப் பேப்பரில் போடுகிறார்கள். தறிக்கூடத்தில் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். 85க்கு மேல் தினம் எட்டு மணி நேரம் என்றாலே காதுக்குக் கேடு என்கிறார்கள், 3 டெசிபெல் கூடினால் சத்தத்தின் பலம் இரண்டு மடங்கு, எங்கள் ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே சத்தத்தால் வரும் காது கேளாமையும் தொழில்நோயாக இருந்தது. நாலைந்து பேர் வேலை செய்கிற கூடத்தில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. விவரம் தெரிந்தவர்கள் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்கிறார்கள், அது சத்தத்தை எவ்வளவு நிறுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பாஞ்ச் அடைப்பான் விலை ஒரு டீ விலைதான், ஆனால் அதை உருட்டி மெல்லிசாக்கி, காதை மேலே பின்பக்கமாக இழுத்து உள்ளே வைத்து, விரிகிற வரைக்கும் விரலால் பிடித்துக்கொள்ளணும் என்று கையைப் பிடித்துக் காட்டினால்தான் நிற்கும். இல்லையென்றால் ஒரே நாளில் கீழே விழுந்து பஞ்சோடு பஞ்சாகக் கூட்டிப் போட்டுவிடுவார்கள்.

இதற்கு நீங்கள்தான் இறங்கி வரணும். வருசத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி ட்யூன் பண்ணின மிஷினைக் கொடுத்து போட்டோ எடுத்துவிட்டுப் போவதால் பிஸ்கட் டப்பாதான் நிறைகிறது. பெரிசாக வேண்டாம். மாசத்தில் ஒரு நாள், தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமை, சோமனூரிலோ பல்லடத்திலோ அவிநாசியிலோ ஏதாவது ஓர் அறையில் ஒரே ஆள் வந்து உட்காருங்கள். ஏற்கெனவே வாங்கின மிஷின்களைத் துடைத்துக் கொடுக்கவும் ட்யூன் பண்ணவும் மட்டும் வந்தால்கூடப் போதும். அறைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நான் பொறுப்பு, எங்கள் வீதியில் ஆள் திரட்டுவதும் என் வேலை.

அடுத்த மாசம் அப்பா ட்யூனிங்குக்குப் போகும்போது பக்கத்துத் தறிக்காரர் இரண்டு பேர் கூட வருகிறார்கள். அதில் ஒருத்தர் இருபத்தெட்டு வயசுப் பையன், இப்போதே இடது காதில் சதா 'ஙொய்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். இன்னொருத்தர் பெரியவர். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வர மாட்டார், யாராவது முன்னால் போய் நின்று கூப்பிடுங்கள்.