முந்திரித் தோப்பும் சூரியத் தகடுகளும்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள உங்கள் முந்திரித் தோப்பைச் சூரிய மின் நிலையம் அமைக்கக் குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

சூரிய மின்சாரத்தை நான் மனதார வரவேற்கிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்காக நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, புகையும் சாம்பலும் இல்லாத மின்சாரத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இடம் நிறைய வேண்டும். கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் மட்டுமே ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது.

நீங்கள் வியந்து எழுதிய கலிபோர்னியாவின் இவான்பா நிலையம் வேறு வகை. ஆரோவில் சமையற்கூடத்துக் கூரையில் உள்ள 15 மீட்டர் கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குகிறதே, அடிப்படை அதுதான். இவான்பாவில் மூன்று கோபுரங்களின் உச்சியில் இருந்த கொதிகலன்களை நோக்கி லட்சக்கணக்கான கண்ணாடிகள் ஒளியைத் திருப்பின; அந்த நீராவியைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். 2014-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில், ஒளியில் மொய்த்த பூச்சிகளைத் தேடி வந்த பறவைகள் பறக்கும்போதே இறகு கருகி விழுந்தன. அங்கு வாழ்ந்த பாலைவன ஆமைகளையும் வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. தண்ணீரை மிச்சப்படுத்தக் காற்றாலேயே குளிர்வித்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆயினும் காலையில் கொதிகலனைச் சூடேற்ற இயற்கை எரிவாயுவை எரித்தார்கள்.

உங்கள் தோப்பில் வரவிருப்பவை வெயிலை நேரடியாக மின்சாரமாக்கும் தகடுகள்தாம். பறவைகளுக்கு அத்தகைய வெப்பத்தால் ஆபத்தில்லை. ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் மரங்களை வேரோடு எடுத்து, நிழல் விழாதபடி நிலத்தை வெறுமையாக வைத்திருப்பார்கள். தூசி கழுவத் தண்ணீரும் கேட்பார்கள். அந்தச் செம்மண் மேட்டில் இறங்கும் மழைநீர்தான் கடலூர் மணற்கல் அடுக்கில் ஊறி நம் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு வருகிறது. 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக நீங்கள் வைத்த கன்றுகள் இப்போதுதான் நன்றாகக் காய்க்கின்றன. அவற்றை வெட்டிப் பசுமை மின்சாரம் எடுப்பதை என் மனம் ஏற்கவில்லை.

தோண்டி மூடிய சுரங்க நிலமும் தொழிற்சாலைக் கூரைகளும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. முதலில் அங்கே வைக்கட்டும். உங்களுக்கு விருப்பம் இருந்தால், புதுச்சேரி வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் அளவுக்குத் தகடுகள் போடுங்கள். 2024-இல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் ரூ.78,000 வரை மானியம் உண்டு. புயல் காற்றுக்குத் தாங்கும்படி, தகடுகளைப் பொருத்தும் சட்டங்களைக் கான்கிரீட்டில் இறுக்கச் சொல்லுங்கள். குத்தகைப் பத்திரத்தின் நகல் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். 25 ஆண்டுகளுக்குப் பின் பழைய தகடுகளை அகற்றும் பொறுப்பு யாருடையது என்று அதில் எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்