சிவப்புப் பொத்தானும் இரண்டு கம்பிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விசைப்படகில் கரையோடும் மற்ற படகுகளோடும் பேசும் வி.எச்.எஃப். வயர்லெஸ் இருக்கிறதா என்று கேட்கிறோம், அதற்கு ஜி.பி.எஸ்.ஸிலிருந்து கம்பி வருகிறதா என்று கேட்பதில்லை. பேசாமலே டிஜிட்டல் செய்தி அனுப்பும் டி.எஸ்.சி. வசதியுள்ள வயர்லெஸ் செட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் 70-ஆம் சேனலில் ஆபத்துச் செய்தி போகும். படகு நிற்கும் இடமும் தானாகக் கூடவே போக வேண்டுமானால் செட்டுக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருக்க வேண்டும்; இல்லையேல் வீல்ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) உள்ள ஜி.பி.எஸ்.ஸை அதோடு இணைத்திருக்க வேண்டும். (படகின் வயர்லெஸ் அடையாளமான, 419-இல் தொடங்கும் 9 இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணைப் பதியாத செட்டில் அந்தப் பொத்தானே வெறும் அலங்காரம்.)

இணைப்புக்கான முறை என்.எம்.இ.ஏ. 0183 (படகுக் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் தரநிலை). வேண்டியது இரண்டு கம்பி. ஜி.பி.எஸ்.ஸின் 'அவுட் ஏ' செட்டின் 'இன் ஏ'யுடனும், 'அவுட் பி' 'இன் பி'யுடனும் சேர வேண்டும். சில பழைய ஜி.பி.எஸ்.களில் 'பி' இருக்காது. அங்கே செட்டின் 'இன் பி'யை ஜி.பி.எஸ்.ஸின் கிரவுண்டில் கொடுக்க வேண்டும். கம்பியின் நிறத்தை நம்பக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். இரண்டு பக்கமும் தகவல் வேகம் நொடிக்கு 4800 பிட் என்றிருக்க வேண்டும். சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி பெரும்பாலும் 38400-இல் பேசும், அதை அப்படியே இங்கே கொடுத்தால் செட்டுக்குப் புரியாது. ஒரு ஜி.பி.எஸ். இரண்டு மூன்று கருவிகளுக்குத் தகவல் தரலாம். ஆனால் இரண்டு கருவிகளின் 'அவுட்'டை ஒன்றாக முறுக்கினால் எதுவும் ஒழுங்காக வராது.

பெரும்பாலும் கெடுவது மூட்டுதான். முறுக்கி டேப் சுற்றிய செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். வெள்ளீயம் பூசிய கம்பியும், உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயும் போட வேண்டும். மூட்டு விட்டுப்போனாலும் சில செட்டுகள் கடைசியாகக் கிடைத்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் மட்டும் போதாது; பக்கத்தில் உள்ள நேரமும் ஓட வேண்டும்.

புதுப் படகுகளில் வரும் என்.எம்.இ.ஏ. 2000 வேறு வகை. எல்லாக் கருவிகளும் சேரும் ஒரே முதுகெலும்புக் கேபிள், இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை). மின்சாரத்தை நிறுத்திவிட்டு கேபிளுக்குள் உள்ள வெள்ளைக் கம்பிக்கும் நீலக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை. 40 என்றால் ஒன்று கூடுதல். கிளைக் கேபிள் ஒவ்வொன்றும் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இது 12 வோல்ட் அமைப்பு. படகின் 24 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் கருவிகள் போய்விடும், இடையில் கன்வெர்ட்டர் வேண்டும்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறை படகுகளை ஆய்வு செய்யும்போது ஒரு சோதனையைச் சேர்க்கலாம்: செட்டின் திரையில் இடமும் நேரமும் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஜி.பி.எஸ்.ஸை அணைக்கச் சொல்ல வேண்டும். நேரம் அப்படியே நின்றால் கம்பி சரி. தொடர்ந்து ஓடினால், செட்டுக்கு உள் ஜி.பி.எஸ். இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரு படகுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
படகு மின்னணுக் கருவிகள் பொருத்துபவர்,
நாகப்பட்டினம்