மேலே போக வழி விட்டவர்களுக்கு

அன்புடையீர்,

நம் ஓடையில் மீன்கள் மேலே ஏறிப் போவதற்கு இருந்த தடைகளை நீக்கக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். சாலைக்கு அடியில் இருந்த பழைய குழாய்ப் பாலத்தின் வாயில் மீன்கள் எகிறி எகிறி விழுந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாங்களும் பல வருடம் பார்த்தோம். எவ்வளவு அழகாகத் துள்ளுகிறது என்று நின்று படம்கூட எடுத்தோம். அது துள்ளல் இல்லை, முட்டல் என்று சொல்லித் தந்தவர் மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். முதல் நன்றி அவருக்குத்தான். தன் பெயரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பெயர் இல்லாமல் மற்றவர்கள் பெயரை மட்டும் போட எங்களுக்கு மனம் வரவில்லை. யாரைச் சொல்கிறோம் என்று அவரவருக்குத் தெரியும்.

அன்று அவர் ஒரு காய்ந்த இலையைக் குழாயின் மேல்வாயில் போட்டார். கீழ்வாயில் நின்ற பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலைந்து எண்ணுவதற்குள் இலை வந்து விழுந்துவிட்டது. “பத்து சென்டிமீட்டர் மீன் உயிரைக் கொடுத்து நீந்தினாலும் நொடிக்கு ஒரு மீட்டர் போகும். அதுவும் சில நொடிதான், அப்புறம் களைத்துவிடும். தண்ணீர் அதைவிட வேகமாக எதிரே வருகிறது. நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு கல் உண்டா பாருங்கள்” என்றார். குனிந்து பார்த்தோம். வழவழப்பான கான்கிரீட்தான் இருந்தது. அதோடு, குழாயின் வாய்க்கும் கீழே இருந்த மடுவுக்கும் நடுவே ஒன்றரை முழம் இடைவெளி. ஆரம்பத்தில் அது இருந்திருக்காது. குறுகிய குழாயிலிருந்து பீய்ச்சி அடித்த தண்ணீர் வருடக்கணக்கில் தரையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளம் அது.

அடுத்த நன்றி சாலைப் பணிப் பொறியாளர் அம்மாவுக்கு. “நாங்கள் குழாய்க்கு அளவு போடும்போது எவ்வளவு தண்ணீர் போகும் என்றுதான் கணக்குப் பார்த்தோம், எது போகும் என்று பார்க்கவில்லை” என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒரு பேச்சிலேயே பாதி வேலை முடிந்தது. புதிய பெட்டிப் பாலத்தின் அகலம், ஓடை கரை தொட்டு ஓடும்போது இருக்கும் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அடித்தளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலே ஓடையின் கூழாங்கல்லையே பரப்பினார்கள். மீனுக்கு அது பாலம் என்றே தெரியாது. நமக்கும் லாபம் உண்டு: முன்பு ஒவ்வொரு வெள்ளத்திலும் மரக்கிளை அடைத்துச் சாலை மேல் தண்ணீர் ஏறியது. புதுப் பாலம் போட்ட பிறகு ஒரு தடவைகூட ஏறவில்லை.

சரி, பாலம் சுலபமாக முடிந்தது. பழைய ஆலைத் தடுப்பணை அப்படி இல்லை. ஆலை போய் ஒரு தலைமுறை ஆகியும் அணை மட்டும் நின்றது. கட்டியதை எவராவது இடிப்பார்களா என்று கூட்டத்தில் கேட்டபோது, நூலகத்து அக்கா எழுந்து அமெரிக்காவின் கென்னபெக் ஆற்றைப் பற்றிச் சொன்னார். 1837ல் கட்டிய எட்வர்ட்ஸ் அணையை 1999ல் எடுத்தார்கள். அதே நாட்டின் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை எடுக்கும் வேலை 2024ல் முடிந்தது. முடிந்த சில வாரங்களிலேயே, நூறு வருடத்துக்கு மேல் அடைபட்டிருந்த பகுதிக்குச் சால்மன் மீன்கள் ஏறிப் போயின. மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே உள்ள ஃபராக்காவையும் அவர் விடவில்லை. 1975ல் அந்தத் தடுப்பணை செயல்படத் தொடங்கிய பின், கங்கையில் அலகாபாத் தாண்டியும் கடலிலிருந்து ஏறிக்கொண்டிருந்த ஹில்சா மீன் மேல்பகுதியில் அரிதாகிப்போனது. அந்தப் பேச்சுக்குப் பிறகு, எடுக்கலாமா என்ற கேள்வி எப்படி எடுப்பது என்று மாறியது.

எதிர்த்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், சும்மா மரியாதைக்காக இல்லை. “அணைக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கும் வண்டல் அத்தனையும் ஒரே நாளில் எங்கள் தலையில்தானே விழும்?” என்று கீழ்ப்பகுதி விவசாயி ஒருவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் கேட்டதால்தான் வண்டலைத் தோண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். அவர் கேட்டதால்தான் ஒரேயடியாக உடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைத் தாழ்த்தினோம். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டலை வைத்துக்கொண்டு 2011லிருந்து 2014 வரை அணைகளை அப்படித்தான் நிறுத்தி நிறுத்தி இறக்கினார்கள், மீன் ஏறும் பருவத்தில் வேலையை நிறுத்தியும் வைத்தார்கள். நம்முடையது அதன் முன்னால் ஒரு கைப்பிடி மண். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு உடைத்திருந்தால் அவர் வயல் மதகு தூர்ந்துபோயிருக்கும்.

பொக்லைன் ஓட்டிய தம்பியை எப்படிப் பாராட்டுவது என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் சுவரின் நடுப்பகுதியை எடுத்ததும் மேலே தண்ணீர் வடிந்து, கரையோரக் குழிகள் தனித்தனியாக நின்றுவிட்டன. இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. அவர்தான் மேலே உட்கார்ந்திருந்ததால் பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, “குழியில் ஏதோ நெளியுது, பக்கெட் இருந்தா கொண்டு வாங்க” என்றார். அப்புறம் மாலை வரை வேலை நடக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். கெளுத்தி முள்ளில் குத்து வாங்கியவர்கள் மூன்று பேர், அழுதது ஒருவர் மட்டும், அவரும் ஆசிரியர். சேற்றுக்குள் புதைந்திருந்த விலாங்கு ஒன்றை இரண்டு பேர் பிடித்தும் வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பாட்டி தன் துண்டை நனைத்துச் சுருட்டி அதில் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு குறை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் கடைசித் தடுப்பணையை எடுக்க முடியாது. அங்கே மீன் ஏணி, அதாவது மீன்கள் அணையைத் தாண்டி நீந்தி ஏறிப் போக ஒரு வழி, வைத்தாயிற்று. ஏணி என்பது பலமாக நீந்தும் மீனுக்குத்தான் சரிப்படும். சின்ன மீன்களில் எத்தனை அதில் ஏறும் என்பது எங்களுக்கே சந்தேகம். விலாங்குக் குஞ்சுகளுக்காகச் சரிவுப் பலகையில் தூரிகை நார்களைப் பதித்து மேலிருந்து தண்ணீர் கசியவிட்டிருக்கிறோம். குஞ்சுகளால் குதிக்க முடியாது, ஈரமும் பிடிப்பும் இருந்தால் ஊர்ந்தே ஏறிவிடும். நாரைப் பதிக்க வெயிலில் இரண்டு நாள் முட்டி போட்டு உட்கார்ந்த பட்டறைத் தோழர்களுக்கு நன்றி.

போன வாரம் முதல் மழை இரவில் நாங்கள் ஐந்து பேர் அங்கே போனோம். நெடுநேரம் எதுவும் இல்லை. கிளம்பலாம் என்று எழுந்தபோது, நார்களுக்கு நடுவே தீக்குச்சி கனத்தில் கண்ணாடி போல ஒன்று அசைந்தது. கொஞ்சம் ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். பெரியவருக்குப் போன் போட்டோம். “ஒன்றா?” என்றார். “ஒன்றுதான்” என்றோம். “விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள், நானும் வருகிறேன்” என்றார்.

அவர் வருவதற்குள் இன்னும் இரண்டு ஏறிவிட்டன.

நன்றியுடன்,
ஓடைக் குழுவினர்