மறதியும் இந்த நோயில் சேர்த்திதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய் (பி.டி.எஸ்.டி.) பற்றிய உங்கள் கட்டுரை, பாதிக்கப்பட்டவர்களால் எதையும் மறக்க முடியாது என்கிறது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது பாதி உண்மை.

2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாற்றில் பெருகியபோது ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்தோம். அந்தச் சேற்று நாற்றம் அக்காவுக்கு இன்றும் மூக்கிலேயே நிற்கிறது. மழை வலுத்தால் ரேஷன் கார்டைப் பரணில் தூக்கி வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஆனால், தன்னை மாடிக்கு இழுத்துப்போனது யார், அது விடிவதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பதில். நிவாரணம் கேட்டுப் போன இடத்தில், "நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்களே" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நாங்களும் உள்ளூரச் சந்தேகப்பட்டவர்கள்தான்.

பிறகு மனநல மருத்துவர் விளக்கினார். உயிர்பயத்தில், ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா கொதித்தெழுகிறது; நாற்றம், சத்தம், நடுக்கம் எல்லாம் ஆழமாகப் பதிந்துவிடுகின்றன. எது முன், எது பின், எந்த இடம் என்று கோத்து வைக்க வேண்டியது ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு பகுதி. அந்த நெருக்கடியில் அது தடுமாறிவிடுகிறது. மணிகள் இருக்கின்றன, நூல்தான் இல்லை. அதோடு, சதா அபாயத்தையே எதிர்பார்க்கும் மனதில் அடுப்பை அணைத்தோமா என்பது எங்கே தங்கும்? தூக்கமும் கிடையாது. சுகர், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றான பிறகே இது எங்களுக்குப் புரிந்தது.

இன்னொன்று. இந்த நோயால் ஹிப்போகேம்பஸ் சுருங்கிவிடும் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறீர்கள். வியட்நாம் போருக்குப் போனவர்களையும் போகாத அவர்களுடைய இரட்டைச் சகோதரர்களையும் ஒப்பிட்டு 2002இல் ஓர் ஆய்வு வந்தது. நோய் கண்டவரின் ஹிப்போகேம்பஸ் மட்டுமல்ல, போர்முனையையே பார்க்காத அவருடைய இரட்டையருக்கும் அது சிறிதாகவே இருந்தது. ஆக, சிலருக்கு அது பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம். உங்கள் வரியைப் படித்த உறவினர் ஒருவர், "அப்ப மூளையே போச்சா?" என்று அக்காவின் காதுபடக் கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, வரிசையாகச் சொல்லவைக்கும் பேச்சுச் சிகிச்சையில் அக்கா தேறி வருகிறார். அடுத்த முறை அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனாஸ் எண் 14416ஐயும் கட்டுரையோடு போடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். எங்களுக்கு அதைச் சொன்னது மருந்துக்கடைப் பையன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜாபர்கான்பேட்டை, சென்னை