எண்ணைச் சொல்கிறீர்கள், அது எதற்கென்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். நெட் வரவில்லையா, இதை அழுத்துங்கள், இந்த எண்ணைப் போடுங்கள் என்று வரும் குறிப்புகள் பலருக்கும் கைகொடுக்கின்றன. ஆனால் அந்த எண் எதற்கு என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த ஒரு வரி தெரியாமல் மூன்று நாள் அல்லாடினேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் ரவுட்டர் பழுதாகிப் புதிதாக ஒன்று மாட்டினார்கள். எல்லார் போனிலும் நெட் வந்துவிட்டது, கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க், இன்டர்நெட் இல்லை' என்றே நின்றது. அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன், ரவுட்டரின் வேறு வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தேன், விளக்கு எரிகிறது, நெட் மட்டும் இல்லை. விசாரித்ததில் ஒருவர் நெட்வொர்க் கார்டு போயிருக்கும் என்றார், இன்னொருவர் விண்டோஸையே அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். அதற்கும் துணிந்து, படங்களையெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசியில் நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்து, அங்கே இருந்ததை ஒரு தாளில் எழுதினேன். ஐபி முகவரி 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. அப்புறம் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 192.168.0.1 என்று இருக்கிறது. மூன்றாவது இடத்தில் 1 இருக்க வேண்டியதற்கு 0, அவ்வளவுதான். எப்போதோ ரிப்பேருக்கு வந்தவர் பழைய ரவுட்டருக்கு ஏற்றபடி எண்களைக் கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கழற்றி வைத்துவிட்ட அந்த ரவுட்டரைத்தான் கம்ப்யூட்டர் மூன்று நாளும் தேடிக்கொண்டிருந்தது! 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றியதும் ஒரு நிமிடத்தில் நெட் வந்துவிட்டது. போன்கள் முதலிலிருந்தே ஆட்டோமேட்டிக்கில் இருந்ததால் அவற்றுக்கு ஒரு தொல்லையும் இல்லை.

அந்தத் திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அங்கே முக்கியமானவை நான்கே நான்கு. ஐபி முகவரி, வீட்டு நெட்வொர்க்குக்குள் நம் கம்ப்யூட்டருக்கு உள்ள எண். மாஸ்க், அந்த எண்ணில் எவ்வளவு பகுதி வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொது என்று சொல்வது. 255 இருக்கிற மூன்று இடமும் ரவுட்டரோடு ஒத்துப்போக வேண்டும், கடைசி எண் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்க வேண்டும். கேட்வே, வெளியே போகும் வாசல், அதாவது ரவுட்டரின் முகவரி. டிஎன்எஸ், நாம் தட்டுகிற தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருகிற சர்வர். ஆட்டோமேட்டிக் என்று விட்டால் நான்கையும் ரவுட்டரே கொடுத்துவிடும், அந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஹெச்சிபி என்று பெயர்.

இது தெரிந்தால் கோளாறு எங்கே என்பதை நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கட்டளைகளைத் தட்டுகிற 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளை கொடுத்ததும் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம், அப்போது கேபிளையும் ரவுட்டரையும் பார்க்க வேண்டும். 8.8.8.8 என்பது கூகுளின் டிஎன்எஸ் சர்வர் ஒன்றின் முகவரி, அதற்கு 'பிங்' (ping) கட்டளை கொடுத்து எட்டுகிறதா என்று பார்த்தால் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ்ஸை.

டிஎன்எஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேகம் கூடும் என்று அதை மாற்றச் சொல்கிற குறிப்புகளை நிறையப் பார்க்கிறேன். பெயரைத் தேடும் நேரம் வேண்டுமானால் சற்றுக் குறையலாம், டவுன்லோடு வேகத்தை டிஎன்எஸ் கூட்டித் தராது. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் போட்டுவிடுவது ஆபத்தும்கூட. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இந்த ஒரு எண்ணை மாற்றித்தான் ஆட்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, அதை நடத்திய கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றியது, உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்று 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை ஓட்ட வேண்டியிருந்தது. அதுவரை எத்தனையோ பேருக்குத் தங்கள் கம்ப்யூட்டரில் ஓர் எண் மாறியிருப்பதே தெரியாது.

அதனால் இரண்டே வேண்டுகோள். அடுத்த முறை ஓர் எண்ணைப் போடச் சொல்லும்போது, அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி சேருங்கள். மாற்றுவதற்கு முன் பழைய எண்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி