'கவலையின்றி' என்றொரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்காகக் கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வெளியான கட்டுரையில், "விசா பத்தாண்டுகளுக்குக் கிடைப்பதால் கவலையின்றித் தங்கிவிட்டு வரலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் 'கவலையின்றி'யைப் படித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

தாங்கள் அறியாததல்ல. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அந்நாட்டு வாசல்வரை போவதற்கான அனுமதி மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம். அந்தக் கெடு 'ஐ-94' என்ற பதிவில் இருக்கும். முன்பு அதை வெள்ளை அட்டையாகப் பாஸ்போர்ட்டிலேயே செருகித் தருவார்கள். 2013 முதல் விமானத்தில் வருவோருக்கு அது கணினிப் பதிவாகிவிட்டதால், தேடிப் பார்க்கத் தெரியாதவர்களின் கண்ணில் படுவதே இல்லை.

மகளின் பிரசவத்துக்காக 2024 அக்டோபர் 13 அன்று நானும் மனைவியும் நியூ ஜெர்சி சென்றோம். அதிகாரி முத்திரை குத்தி, அதன்கீழ் பேனாவால் ஏதோ கிறுக்கினார். தபால் அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் தேதி முத்திரையோடு காலம் தள்ளிய எனக்கு, அந்தக் கிறுக்கலைப் படிக்கத் தோன்றவில்லை. பத்தாண்டு விசா இருக்கிறது என்ற தைரியம், வேறென்ன. பிப்ரவரியில் மனைவி பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு புறப்படலாம் என்று இருந்தபோது, பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் பேச்சுவாக்கில் "உங்கள் ஐ-94 தேதி என்ன?" என்று கேட்டார். பார்த்தால் ஏப்ரல் 12. ஆறே நாள்தான் மிச்சம். அன்றிரவே மருமகன் ஆளுக்கு 420 டாலர் கட்டி, ஐ-539 படிவத்தில் நீட்டிப்புக் கோரி விண்ணப்பித்தார். கெடுவுக்கு முன்பே விண்ணப்பித்ததால், முடிவு வரும்வரை தங்கியிருந்தது குற்றமாகவில்லை. அந்த ரசீதை இன்றும் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

அந்த அம்மாள் கேட்காமல் இருந்திருந்தால்? கெடுவைத் தாண்டி ஒரே ஒரு நாள் தங்கினாலும் அந்தப் பத்தாண்டு விசா செல்லாது; ஊர் திரும்பிப் புதிதாக விண்ணப்பித்து, மறுபடியும் நேர்காணலுக்கு நிற்க வேண்டும். அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் பத்து ஆண்டுகளும் உள்ளே நுழையத் தடை. இவை நேற்று முளைத்த விதிகளும் அல்ல. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளவை. பேரனைப் பத்து ஆண்டு கழித்துத்தான் மறுபடி அங்கே போய்ப் பார்க்க முடியும் என்பது எங்கள் வயதில் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு இதே இணைப்பிதழ், கெடு தாண்டித் தங்கும் முதியவர்களைச் 'சட்டத்தை மதிக்காதவர்கள்' என்று கடிந்துகொண்டது. அப்போதே நான் விளக்கி எழுதிய கடிதம் தங்கள் மேசையில் எங்கே உறங்குகிறதோ தெரியாது. 'கவலையின்றித் தங்குங்கள்' என்று சொல்வதும் தாங்கள்தான், தங்கியவர்களை வைவதும் தாங்கள்தான். போதாக்குறைக்குக் கட்டுரையின் கீழேயே, 'பத்தாண்டு விசா உறுதி' என்று ஒரு முகவரின் அரைப்பக்க விளம்பரம்! எங்களுக்கு விசா வாங்கிக் கொடுத்த முகவரும், பெயர் எதற்கு, கட்டணத்தை வாங்கிக்கொண்டாரே தவிர ஐ-94 என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை.

நான் வேண்டுவது நான்கு வரியில் ஒரு திருத்தம் மட்டுமே: விசாவின் தேதியை அல்ல, ஐ-94 தேதியைப் பாருங்கள், இறங்கிய மறுநாளே அதைப் பிள்ளைகளைக் கொண்டு எடுத்துக் காலண்டரில் குறித்து வையுங்கள், நீட்டிப்பு வேண்டுமானால் கெடுவுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். இடப் பற்றாக்குறை இருக்குமானால், அந்த அரைப்பக்க விளம்பரத்தின் ஓரத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஸ்ரீரங்கம்.