மனிதாபிமானத் தலையீடு: குறுக்கே நின்றது சட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த ஒரு கடிதம், ஓர் அரசு தன் குடிமக்களையே கொன்று குவிக்கும்போது பிற நாடுகள் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அனுமதிக்குக் காத்திராமல் படையோடு உள்ளே புகலாம் என்றும், இன்றைய அனைத்துலகச் சட்டம் கொலைகாரர்களுக்கே வேலியாக நிற்கிறது என்றும் வாதிட்டிருந்தது. 2009ஐ மறக்காத எந்தத் தமிழரும் அந்த ஆதங்கத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அவர் சுட்டிய ருவாண்டாவும் முள்ளிவாய்க்காலும் அவருடைய வாதத்துக்குத் துணை நிற்கவில்லை.

ஐ.நா. சாசனத்தின் 2(4)ஆம் விதி, ஒரு நாட்டின் மீது இன்னொரு நாடு படைபலத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. தற்காப்பும், பாதுகாப்புச் சபையின் ஒப்புதலுமே விலக்குகள். ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் உலக நாடுகள் அவர்களைக் காக்க முன்வர வேண்டும் என்று 2005இல் உலகத் தலைவர்கள் ஒப்புக்கொண்ட ‘பாதுகாக்கும் பொறுப்பு’ என்ற கோட்பாடும் படை நடவடிக்கைக்கு அந்தச் சபையின் வழியைத்தான் காட்டுகிறது.

ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கி இரண்டு வாரம் ஆனபோது, அங்கே ஏற்கெனவே சட்டப்படி நிலைகொண்டிருந்த ஐ.நா. அமைதிப்படையை ஏறத்தாழ 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை ஒருமனதாக முடிவெடுத்தது. தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரத்தை எவரும் பயன்படுத்தவில்லை. கொலைகளை நடத்திய அரசின் பிரதிநிதியே அச்சபையில் உறுப்பினராக அமர்ந்து வாக்களித்தார் என்பது தனிக் கொடுமை. முள்ளிவாய்க்கால் இருக்கும் வன்னியிலும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வெளியேறியபோது, கிளிநொச்சி அலுவலக வாசலில் மக்கள் திரண்டு, போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். அடுத்த மே மாதம் வரை இலங்கை நிலவரம் பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் ஏறவே இல்லை. ஐ.நா. தன் கடமையில் தவறியதை அதன் உள்ளக ஆய்வறிக்கையே 2012இல் ஒப்புக்கொண்டது. இரண்டு இடங்களிலும் இல்லாதிருந்தது அனுமதி அல்ல, மனம்தான். மனம் இல்லாதவர்களுக்குச் சட்டத்தைத் தளர்த்திக் கொடுப்பதால் எந்த உயிர் பிழைக்கும்?

படை வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நினைவில் சான்று உண்டு. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஐந்து சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலாக வர, இலங்கையின் சம்மதமின்றி யாழ்ப்பாணத்தின் மீது பறந்து சுமார் 25 டன் நிவாரணப் பொருள்களைப் போட்டன. ‘பூமாலை’ என்பது அந்த நடவடிக்கையின் பெயர். கீழே நின்றவர்கள் மகிழ்ந்தார்கள். இங்கே மலேசியாவில் நாமும்தான் மகிழ்ந்தோம். ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, கொழும்பின் சம்மதத்தோடு, இந்திய அமைதிப்படை வந்திறங்கியது. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தில் போரிட்டுக்கொண்டிருந்தது. 21ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முறையான ஒப்பந்தமே இதைத் தடுக்கவில்லை என்றால், ஒப்பந்தமும் அனுமதியும் இல்லாமல் நுழையும் படையை யார் கட்டுப்படுத்துவது?

சட்டத்தை மீறிய படையால் உயிர்கள் காக்கப்பட்டதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1979 ஜனவரியில் வியட்நாமியப் படைகள் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னைக் கைப்பற்றியதால்தான் அந்நாட்டை ஆண்ட போல் போட்டின் கொலைக்களங்கள் ஓய்ந்தன (வியட்நாமுக்குத் தன் எல்லைக் கணக்கும் இருந்தது என்பது வேறு). அப்போது மலேசியா, ஆசியான் நாடுகளோடு சேர்ந்து அந்தப் படையெடுப்பைக் கண்டித்தது; ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கை போல் போட் தரப்பிடமே இருக்கவும் ஆதரவளித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றி மேற்கத்திய நாடுகளின் படைக்கூட்டணியான நேட்டோ கொசோவோ மக்களுக்காக யூகோஸ்லாவியா மீது குண்டு வீசியபோது, அதை நிறுத்தக் கோரிய தீர்மானத்தை 1999 மார்ச் 26 அன்று எதிர்த்து வாக்களித்த 12 நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. முன்னதில் இறையாண்மை, பின்னதில் மனிதாபிமானம். யார் நுழைகிறார்கள் என்பதைப் பார்த்துச் சிறிய நாடுகளே இப்படி மாறும்போது, வல்லரசுகளிடம் இந்த உரிமையை எழுதிக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

தவிர்க்க முடியாத நிலையில் ஒரு நாடு சட்டத்தை மீறினால், அது பின்னர் நீதிமன்றத்தில் நின்று காரணம் சொல்ல வேண்டும். யூகோஸ்லாவியா தொடுத்த வழக்குகளை ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் விசாரணை வரம்பு இல்லையென்று தள்ளுபடி செய்ததால், அந்தக் குண்டுவீச்சு சட்டப்படி சரியா என்பதற்கு அங்கே தீர்ப்பே கிடைக்கவில்லை. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

படையே தேவைப்படாத கடமைகளை நாம் எப்படிச் செய்தோம்? 2015 மே மாதத்தில் புகலிடம் தேடிய ஏறத்தாழ 500 பேரோடு பினாங்குக்கு வடக்கே வந்த படகுக்கு உணவுப்பொருள் கொடுத்துக் கடலுக்கே திருப்பி அனுப்பினோம்; தற்காலிகப் புகலிடம் தர அரசாங்கம் இணங்கியது ஒரு வாரம் கழித்துத்தான். மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்கள் இன்றும் ஐ.நா. அகதி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சட்டப்படி வேலை செய்ய உரிமையின்றி, பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கு அனுப்ப வழியின்றி நம்மிடையே வாழ்கிறார்கள். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சாசனத்தில் 2019 மார்ச்சில் இணைந்த மலேசியா, அடுத்த மாதமே பின்வாங்கியது. அந்தச் சாசனத்தில் மீண்டும் இணையவும், அகதிகளுக்கு வேலை செய்யும் உரிமையைச் சட்டமாக்கவும் நமக்கு எந்தப் பாதுகாப்புச் சபையின் அனுமதியும் வேண்டியதில்லை. வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவும் உள்துறை அமைச்சும் இவ்விரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு